கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக

ஹீட்டருக்குள் ஏதோ டிக்டிக்கென்கிறது என்றாள் மார்லிஸ் பிரிஸ்டூபா.
ஓட்டுகிறவள் கால் வேகிறது,
பக்கத்து இருக்கையில் வைத்த பால் உறைகிறது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கனோராவில் ஜனவரி அப்படித்தான்.
காலை ஏழுக்கு அவள் கிளம்பியாக வேண்டும்,
அறுபது கிலோமீட்டர் தள்ளி
ஒருவருடைய காலில் கட்டு மாற்ற.

எனக்குத் தெரியும் அது என்னவென்று.
தீப்பெட்டி அளவு மோட்டார்,
உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் சக்கரம்,
அதில் ஒரு பல் போயிருக்கும்.
முப்பத்தெட்டு டாலர்.
இருந்தாலும்
கம்பெனியின் கையேட்டைத் திறந்தேன்.

திறந்தேன் என்று சொல்வது பழைய பழக்கம்.
இப்போது அதை வாடகைக்கு எடுக்க வேண்டும், நாள் கணக்கில்.
திரையின் மூலையில்
ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும்.

முதல் படி: டாஷ்போர்டை இறக்கவும். பார்க்க 80-14.
80-14 சொன்னது: அதற்குமுன் ஸ்டியரிங் தண்டை. பார்க்க 32-06.
32-06 சொன்னது: அதற்கும்முன் ஏர்பேக். பார்க்க 88-02.
88-02, பாட்டரியைக் கழற்றிவிட்டு
மூன்று நிமிடம் காத்திருக்கச் சொன்னது.
காத்திருந்தேன்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடு என்பார்களே,
இதில் தலையையே கழற்றி
மேசைமேல் வைக்கச் சொல்கிறார்கள்.

சிறப்புக் கருவி எண் ஒன்பது இலக்கம்.
படத்தில் பார்த்தால் வளைந்த கம்பி.
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர், வந்துசேர மூன்று வாரம்.
சமையலறைக்குப் போய்
முள்கரண்டி ஒன்றை வளைத்தேன்.

படத்து வண்டியில் துரு இல்லை.
எலிக்கூடு இல்லை, கோதுமை உமி இல்லை,
சாலை உப்பு தின்ற போல்ட் இல்லை.
வெள்ளை வெளியில் பாகங்கள் மிதக்கின்றன,
ஒவ்வொரு திருகும் தன் துளைக்கு முன்னால்
கூப்பிட்டால் வருவேன் என்று நிற்கிறது.
கவனம், கிளிப்புகளை உடைக்காதீர்கள்.
அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள்
இரண்டு உடைந்திருந்தன.

கையேடு பொய் சொல்வதில்லை.
அதுதான் எரிச்சல்.

இரவு பதினொன்று.
கம்பெனி இருக்கும் ஊரில் அது நள்ளிரவாம்.
அட்டைமேல் டாஷ்போர்டு கம்பிகள் தொங்கக் கிடக்க,
திரை சொன்னது: உங்கள் நேரம் முடிந்தது.
கடைசியாகக் கண்ணில் பட்ட வரி,
மாட்டும்போது கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகச் செய்யவும்.
சொன்னதையெல்லாம் கடைசியிலிருந்து திருப்பிச் சொன்னால்
சண்டை தீர்ந்துவிடும் என்று நம்புகிற யாரோ
எழுதியிருக்க வேண்டும்.

டார்ச்சை அப்போதுதான் அந்தப் பக்கம் திருப்பினேன்.
முன்பெட்டியோடு சேர்த்தே இறக்கச் சொல்லியிருந்தார்கள், இறக்கியிருந்தேன்.
அதன் பின்சுவரில்
நாலு கோடு, கோணலாக ஒரு சதுரம்,
ரம்பப்பல் பட்ட விளிம்பு.
முன்பக்கமாக வந்து பெட்டியைத் திறந்தேன்.
காப்பீட்டுத் தாள், ஒற்றைக் கையுறை,
அதற்குப் பின்னால்
‘டீலரை அணுகவும்’ என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும்
வண்டியின் சின்னப் புத்தகம்.
அதையும் எடுத்தால்
வெள்ளி டேப்பில் கறுப்பு மை:
இங்கிருந்து எட்டும். டி.கே., மார்ச் 2019.

டேப்பை உரித்து
சதுரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.
மோட்டார் இருக்க வேண்டிய இடம்
விரல் நுனிக்கு வந்தது.

கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.
டி.கே. யாரென்று தெரியாது.
இதே பக்கத்தை இதே போலப் படித்து,
எனக்கு முன்னால் மூடி வைத்த ஆள்.
டேப்பைத் திரும்ப ஒட்டினேன்,
மங்கியிருந்த எழுத்தின்மேல் மார்க்கரால்
இன்னொரு முறை எழுதினேன்.

ஆறே முக்காலுக்கு மார்லிஸ் வந்தாள்.
டிக்டிக் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே சூடு.
எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறாய் என்றாள்.
கையேட்டின்படி எட்டே முக்கால்,
டி.கே.யின்படி கால் மணி.
கால் மணிக்கே பில் எழுதினேன்,
முள்கரண்டியைத் தனியாகச் சேர்த்து.

பனிப்புகையில் அவள் பின்விளக்கு மறைந்த பிறகு
பெஞ்சைத் துடைக்கத் திரும்பினால்
திருகுகளைப் போட்டுவைத்த மஃபின் தட்டில்,
நாலாவது குழியில்,
ஒன்று.